பைக் காணாமப் போனா வாட்ச்மேன் சம்பளத்துல பிடிக்கலாமா? அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் யார், எதற்குப் பொறுப்பு?

ராத்திரி பூட்டிவிட்டுப் போன பைக், காலையில் பார்க்கிங்கில் இல்லை. அடுத்த அரை மணி நேரத்தில் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் என்னென்ன மெசேஜ் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "வாட்ச்மேன் எங்க இருந்தாரு?", "கேமரா வேலை செய்யுதா இல்லையா?", "மாசாமாசம் மெயின்டனன்ஸ் எதுக்குக் கட்டுறோம்?", "செக்ரட்டரி சார், பதில் சொல்லுங்க." மதியத்துக்குள் ஒரு தீர்ப்பும் வந்துவிடும்: "வாட்ச்மேன் சம்பளத்துல பிடிங்க."

கடலூரில் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர் பக்கமும் சரி, சிதம்பரத்தில் அண்ணாமலை நகரைச் சுற்றியும் சரி, தனி வீடு இருந்த மனைகளில் இப்போது மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ரூம், அதில் ஒரு வாட்ச்மேன். பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, சிப்காட், பேங்க், கலெக்டர் ஆபீஸ் என்று வேலைக்காக வந்து வாடகைக்குத் தங்கியிருப்பவர்கள் இந்தக் கட்டடங்களில் நிறைய பேர். சென்னையின் பெரிய கேட்டட் கம்யூனிட்டிகளுக்கு இருக்கிற செக்யூரிட்டி டீமோ, மேனேஜரோ இங்கே கிடையாது. ஆனால் கேள்வி மட்டும் அதேதான்: வண்டி திருடு போனால் யார் பொறுப்பு?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி யார் கையில் ஒப்படைக்கப்பட்டது, யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள், அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. அதை எழுதியே வைக்காமல், திருட்டு நடந்த பிறகு இருப்பதிலேயே குறைவாகச் சம்பளம் வாங்குகிற ஒருவரின் தலையில் முழு நஷ்டத்தையும் கட்டுவது நியாயமும் இல்லை, சட்டத்தின் முன் நிற்பதும் கஷ்டம்.

சாவி யார் கையில் இருந்தது?

இந்த விஷயத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. அது அப்பார்ட்மென்ட் வழக்கு இல்லை, ஹோட்டல் வழக்கு.

1998 ஆகஸ்ட் 1-ம் தேதி இரவு, டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு ஒருவர் தன் மாருதி ஸென் காரில் வந்தார். சாவியை வாலே பார்க்கிங் ஊழியரிடம் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நள்ளிரவு தாண்டி வெளியே வந்தபோது கார் இல்லை. வேறு ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஹோட்டல் தரப்பு டோக்கனைக் காட்டியது. 'வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு' என்று அதில் அச்சடித்திருந்தது.

வழக்கு நுகர்வோர் கமிஷன்களில் நடந்து, கடைசியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 நவம்பர் 14 அன்று நீதிபதிகள் மோகன் எம்.சாந்தனகவுடர், அஜய் ரஸ்தோகி அமர்வு தீர்ப்பளித்தது. ஹோட்டல்தான் பொறுப்பு. வண்டிக்கான 2.80 லட்சம் ரூபாயையும் வட்டியையும் தர வேண்டும் என்ற கீழ் அமைப்புகளின் உத்தரவு நிலைத்தது. கார் காணாமல் போய் 21 வருஷம் கழித்து!

ஹோட்டல் வளாகத்தில் திருடு போனது என்பதற்காக மட்டும் இந்தத் தீர்ப்பு வரவில்லை. வளாகத்துக்குள் எது நடந்தாலும் ஹோட்டலே பொறுப்பு என்ற கடுமையான விதியை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தீர்ப்பின் மையம் சாவிதான். சாவியை வாங்கிக்கொண்ட நொடியில் கார் ஹோட்டலின் பாதுகாப்புக்குப் போய்விட்டது. இதைத்தான் 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 148-வது பிரிவில் 'பெயில்மென்ட்' என்கிறது. தமிழில் ஒப்படைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இஸ்திரிக் கடையில் சட்டையைக் கொடுப்பது, மெக்கானிக்கிடம் வண்டியை விடுவது எல்லாம் இதே வகைதான்.

ஒப்படைக்கப்பட்ட பொருளை, தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. அப்படிப் பார்த்துக்கொண்டும் திருடு போனால் பொறுப்பில்லை என்கிறது 152-வது பிரிவு. ஒப்படைத்தது நிரூபணமானால், 'நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்' என்று காட்டவேண்டிய சுமை பொருளை வாங்கி வைத்தவருக்கு. கவனக்குறைவு இருந்தால், டோக்கனில் என்ன அச்சடித்திருந்தாலும் தப்பிக்க முடியாது.

சரி, நம்ம பார்க்கிங்குக்கு இது எப்படிப் பொருந்தும்?

இங்கே மூன்று நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் நிலைமை: நீங்களே வண்டியை நிறுத்துகிறீர்கள், நீங்களே பூட்டுகிறீர்கள், சாவி உங்கள் பாக்கெட்டில். பெரும்பாலான அப்பார்ட்மென்ட்களில் நடப்பது இதுதான். இங்கே வண்டியை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. உங்கள் இடத்தில் உங்கள் பொருளை வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 'வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு' என்று கேட்டில் தொங்குகிற போர்டு, இந்த நிலைமையில் ஏற்கனவே உள்ளதைத்தான் சொல்கிறது.

இரண்டாவது நிலைமை: சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. சின்ன மனையில் கட்டிய கட்டடங்களில் ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு கார் நிற்கும். முன்னால் நிற்பவர் காலை ஆறு மணிக்குக் கிளம்பணும் என்றால், பின்னால் நிற்கும் வண்டியை நகர்த்தியாக வேண்டும். அதனால், "எல்லாரும் ஒரு சாவியை வாட்ச்மேன் ரூம்ல மாட்டிடுங்க" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வண்டி கழுவ, மழை வந்தால் மேட்டுப் பக்கம் நகர்த்த என்றும் சாவி கைமாறும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருக்கெடுத்து கடலூரின் பல பகுதிகளில் தண்ணீர் புகுந்ததே, அந்த மாதிரி நேரத்தில் சாவி கொடுக்காமல் இருக்கவும் முடியாது.

இங்கேதான் தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கின் நியாயம் கிட்டே வருகிறது. சாவியைக் கொடுக்கச் சொன்னது அசோசியேஷன் என்றால், அதை எங்கே, யார் பொறுப்பில், எப்படிப் பூட்டி வைப்பது என்பதும் அசோசியேஷனின் கடமை. ஆணியில் மாட்டிய சாவியை யாரோ எடுத்துப் போனார்கள் என்றால், அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களும் பதில் சொல்லியாக வேண்டும். அசோசியேஷன் சொல்லாமல், நீங்களாகவே "அண்ணே, வண்டியைக் கொஞ்சம் கழுவிடுங்க" என்று சாவியைக் கொடுத்தால், அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான தனி ஏற்பாடு. அதற்கு அசோசியேஷனை இழுக்க முடியாது.

மூன்றாவது நிலைமை: சாவி உங்களிடம்தான். ஆனால் மெயின்டனன்ஸ் பில்லில் 'செக்யூரிட்டி', 'சிசிடிவி' என்று தனித்தனியாகக் காசு வாங்குகிறார்கள். ஆறு மாதமாகக் கேமரா ஓடவில்லை. கேட் பூட்டு உடைந்து கிடக்கிறது, நீங்கள் எழுத்தில் புகார் சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை. இங்கே கேள்வி ஒப்படைப்பு பற்றியது இல்லை, சேவைக் குறைபாடு பற்றியது. என்ன சேவை தருவதாகச் சொன்னார்கள், எதில் குறை, அந்தக் குறையால்தான் திருட்டு நடந்ததா? மூன்றுக்கும் ஆதாரம் இருந்தால் கேட்க உரிமை உண்டு. மூன்றாவதை நிரூபிப்பதுதான் கஷ்டம். கேமரா ஓடியிருந்தாலும் திருடன் வந்திருப்பான் என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

அசோசியேஷன்னா யாரு? நீங்கதான்!

ஒரு சின்னக் கணக்கு. உதாரணத்துக்கு 12 வீடு இருக்கிற ஒரு கட்டடம். ஒரு லட்சம் ரூபாய் பைக் திருடு போகிறது. அசோசியேஷன் முழுப் பணத்தையும் தர வேண்டும் என்று முடிவானால், அந்தப் பணம் வருவது 12 வீட்டின் பொது நிதியிலிருந்து. வீட்டுக்கு 8,333 ரூபாய். பைக்கைப் பறிகொடுத்தவரும் அதில் ஒரு பங்கு கட்டுவார். பைக்கே இல்லாத முதல் மாடி ரிட்டயர்டு டீச்சரும் கட்டுவார்.

அசோசியேஷன் என்பது வெளியிலிருந்து வந்த கம்பெனி இல்லை. 2022-ம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 1994-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதன்படியும் பொது இடங்களை நிர்வகிப்பது உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த சங்கம்தான். செக்ரட்டரி சம்பளம் வாங்குகிற ஆள் இல்லை, யாரும் முன்வராததால் மாட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர். ஆபீஸ் முடிந்து வந்து மோட்டார் ரிப்பேரையும் பார்த்துக்கொண்டிருப்பவர். அவரைத் திருட்டுக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கினால், அடுத்த வருஷம் அந்தப் பதவிக்கு யாரும் வரமாட்டார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அசோசியேஷனில் உறுப்பினர் வீட்டு உரிமையாளர்தான், நீங்கள் இல்லை. மீட்டிங்கில் ஓட்டு கிடையாது, பல இடங்களில் குரூப்பில்கூடச் சேர்க்கமாட்டார்கள். ஆனால் மெயின்டனன்ஸ் கட்டுவது நீங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், பதிவு செய்யணும் என்கிறது. அந்த ஒப்பந்தத்திலேயே உங்கள் பார்க்கிங் இடம் எது, மெயின்டனன்ஸில் செக்யூரிட்டி அடங்குமா என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பிரச்னை வந்தால் நீங்கள் கேள்வி கேட்க முடிகிற முதல் ஆள் வீட்டு உரிமையாளர்தான்.

பில்டரைப் பிடிக்க முடியுமா?

கட்டடம் புதுசு, இன்னும் அசோசியேஷனிடம் ஒப்படைக்கவில்லை என்றால் முடியும். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமான ரெராவின் 11-வது பிரிவு, குடியிருப்போர் சங்கம் பொறுப்பேற்கும் வரை அத்தியாவசியச் சேவைகளை நியாயமான கட்டணத்தில் பராமரிக்க வேண்டியது பில்டர்தான் என்கிறது. திறந்தவெளி பார்க்கிங் பொது இடத்தில்தான் அடங்கும்.

ஆனால் கடலூர், சிதம்பரம் மாதிரி ஊர்களில் ஒரு ஓட்டை இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடம் என்றால் ரெராவில் பதிவு செய்யத் தேவையில்லை. இரண்டு கிரவுண்டு மனையில் ஆறு வீடு, எட்டு வீடு என்று கட்டி விற்கிற கட்டடங்கள் இதற்குள் வந்துவிடும். வித்து முடிச்சதும் பில்டர் போன் எடுக்கமாட்டார், முறையான சங்கமும் இருக்காது. 'மாடி வீட்டு சார் காசு வாங்கி வாட்ச்மேனுக்குக் கொடுப்பாரு' என்ற அளவில்தான் நிர்வாகம் ஓடும். இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் திருட்டுக்குப் பிறகு பழி நேராக வாட்ச்மேன் மேல் போய் விழுகிறது. கேள்வி கேட்க வேறு யாரும் இல்லை.

ஒரு ஆள், 168 மணி நேரம்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு தொழிலாளி நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் வேலை பார்த்தால் 48 மணி நேரம். அப்படியானால் 24 மணி நேரமும் கேட்டில் ஒரு ஆள் கண்விழித்து இருக்க வேண்டுமென்றால் மூன்றரை பேர் தேவை. நாம் வைத்திருப்பது ஒருவரை. அவர்தான் மோட்டார் போடணும், குப்பை எடுக்கணும், கூரியர் வாங்கி வைக்கணும், தண்ணி லாரி வந்தா ஹோஸ் பிடிக்கணும். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தூங்கியிருந்தால் அது குற்றமா, இல்லை நாம் போட்ட கணக்கில் இருக்கிற கோளாறா?

இப்போது சம்பளப் பிடித்தம். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்ச ரூபாய் பைக்குக்கு அவர் எட்டு மாதத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்காமல் வேலை பார்க்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, எதற்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று 18-வது பிரிவில் பட்டியல் போடுகிறது. பொருள் நஷ்டத்துக்காகப் பிடிக்க வேண்டுமென்றால், அந்தப் பொருள் வெளிப்படையாகத் தொழிலாளியின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். நஷ்டம் நேரடியாக அவருடைய கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும். எந்த மாதத்திலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஏற்கனவே 1936-ம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலும் இதே மாதிரியான நிபந்தனைகள் இருந்தன. செக்யூரிட்டி ஏஜென்சி மாதிரி தொழில் நடத்துகிற எந்த நிறுவனமும் இதைத் தாண்டிப் போக முடியாது.

இந்த நிபந்தனைகளைத் திரும்பப் படியுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருந்த பைக், வாட்ச்மேனிடம் 'வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டது' ஆகுமா? குரூப்பில் பத்து பேர் தம்ஸ்அப் போட்டால் அது விசாரணை ஆகுமா? இந்தச் சட்டம் உங்கள் ஆறு வீட்டுக் கட்டடத்துக்கு நேரடியாகப் பொருந்துமா என்று ஒரு வக்கீல் வாதாடலாம். ஆனால் ஒரு நிறுவனமே செய்யக் கூடாததை, பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செய்வது எப்படி நியாயமாகும்?

"அப்போ வாட்ச்மேனுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. பத்தரை மணிக்குக் கேட்டைப் பூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தும் பூட்டவில்லை என்றால், அது அவருடைய தவறு. எச்சரிக்கலாம், தொடர்ந்தால் வேலையை விட்டு நிறுத்தலாம். திருட்டுக்கு உடந்தை என்று சந்தேகம் இருந்தால் போலீஸ் விசாரிக்கட்டும். செய்யவேண்டிய வேலையைச் செய்யாததற்குப் பொறுப்பு வேறு. ஊரில் நடக்கும் திருட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி பணம் கட்டுவது வேறு.

ஏஜென்சி மூலமா ஆள் வச்சிருந்தா?

அப்போது ஒப்பந்தம்தான் பேசும். 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் யாரும் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்த முடியாது. காவலருக்கு 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும், நன்னடத்தைச் சரிபார்ப்பும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். நாமே நேரடியாக வேலைக்கு வைக்கும் வாட்ச்மேனுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஆக, ஏஜென்சியிடம் கேட்கவேண்டியது 'மாசம் எவ்வளவு' என்பது மட்டும் இல்லை. லைசென்ஸ் நகல் எங்கே? எத்தனை ஷிஃப்ட்? ஆள் லீவு போட்டால் மாற்று ஆள் யார்? அவர்கள் ஆளின் கவனக்குறைவால் நஷ்டம் வந்தால் எவ்வளவு வரை பொறுப்பு? இது ஒப்பந்தத்தில் இல்லையென்றால், திருட்டுக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது? பதில் உங்க பாலிசியில்

யார் மேல் தப்பு என்ற சண்டை வருஷக்கணக்கில் போகலாம். தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கிலேயே கார்க்காரருக்கு முதலில் பணம் கொடுத்தது அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிதான். 21 வருஷ வழக்கு அதற்குப் பிறகான கதை.

இங்கேதான் நம்மில் பல பேர் ஏமாறுகிறோம். 2018 செப்டம்பர் முதல், புது டூவீலர் வாங்கினால் ஐந்து வருஷம், கார் வாங்கினால் மூன்று வருஷம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 'அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு, கவலையில்லை' என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் தேர்ட் பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கு மட்டும். உங்கள் வண்டி திருடு போனால் அதில் ஒரு பைசா வராது. திருட்டுக்குப் பணம் தருவது 'ஓன் டேமேஜ்' பகுதி. வழக்கமாக அது முதல் வருஷத்துக்கு மட்டும்தான் சேர்த்துப் போடப்பட்டிருக்கும். இரண்டாவது வருஷம் நீங்களாகப் புதுப்பிக்கவில்லை என்றால், பேப்பரில் ஐந்து வருஷம் இருக்கும், திருட்டுக்கு ஒன்றும் இருக்காது. இந்தக் கட்டுரையை மூடும் முன் உங்கள் பாலிசியைத் திறந்து ஓன் டேமேஜ் எந்தத் தேதி வரை என்று பாருங்கள்.

கிடைக்கிற தொகையும் வாங்கிய விலை இல்லை. பாலிசியில் 'ஐடிவி' என்று போட்டிருக்கும் மதிப்புதான், வருஷா வருஷம் குறையும். பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியைக் குறைத்துப் போட்டால், அன்றைக்கு மிச்சம், திருட்டு நாளில் நஷ்டம்.

திருடு போன அன்று என்ன செய்யணும்?

குரூப்பில் சண்டை போடுவதற்கு முன் ஸ்டேஷனுக்குப் போங்கள். திருட்டு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில் வரும் குற்றம், மூன்று வருஷம் வரை சிறை. இப்படிப்பட்ட குற்றத்துக்குப் புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. "சி.எஸ்.ஆர் போட்டுத் தர்றோம், ரெண்டு நாள் தேடுங்க" என்றால், அது ரசீது மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள். இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர் வேண்டும். பதிய மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ் 173-வது பிரிவின்படி மாவட்ட எஸ்.பி-க்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கடலூர் மாதிரி புதுச்சேரி எல்லையை ஒட்டிய ஊரில் தாமதம் இன்னும் ஆபத்து. அரை மணி நேரத்தில் வண்டி வேறு போலீஸின் எல்லைக்குள் போய்விடும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். தாமதமாகச் சொன்னார் என்று மட்டும் காரணம் காட்டி கிளெய்மை மறுக்கக் கூடாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. அந்த வழக்கில் கிளெய்ம் போனது 52 நாள் கழித்து. ஆனால் அவரைக் காப்பாற்றியது எது தெரியுமா? திருடு போன அன்றே பதிவான எஃப்.ஐ.ஆர்! இரண்டு சாவியையும் கம்பெனி கேட்கும், தொலைத்துவிட வேண்டாம். வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்றிதழும் தேவைப்படும்.

அடுத்தது கேமரா பதிவு. சின்ன ஹார்ட் டிஸ்க் என்றால் சில நாளிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அதனால் அன்றைக்கே காப்பி எடுத்து வைக்க வேண்டும். டிவியில் ஓடுவதை மொபைலில் வீடியோ எடுத்து குரூப்பில் போடுவது ஆதாரம் ஆகாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. போலீஸிடம் சொல்லி, மூலப் பதிவிலிருந்தே முறையாக எடுக்கச் சொல்லுங்கள்.

சேவைக் குறைபாட்டுக்காக பில்டர் மீதோ, ஏஜென்சி மீதோ, சங்கத்தின் மீதோ போகவேண்டியிருந்தால், கடலூரில் மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. சிதம்பரத்தில் இருப்பவர்கள் ஆன்லைனிலேயே பதியலாம்.

ஒரு பக்கம் எழுதி வைங்க

இதற்கெல்லாம் தீர்வு இன்னும் நாலு கேமரா வாங்குவது இல்லை. ஒரே ஒரு பக்கம், எல்லா வீடும் கையெழுத்துப் போட்ட ஒரு தீர்மானம். அதில் இருக்கவேண்டியவை இவ்வளவுதான்:

கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், அதன் பிறகு யார் திறப்பது.

கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கும், மாதம் ஒரு முறை யார் சரிபார்ப்பது, திருட்டு நடந்தால் யார் காப்பி எடுப்பது.

சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கலாமா, கூடாதா. கொடுக்கலாம் என்றால் எந்தப் பூட்டிய பெட்டியில், எந்த நோட்டில் எழுதி.

வெளி வண்டிகளை எப்படிக் குறித்துவைப்பது. சிதம்பரத்தில் இது ரொம்ப முக்கியம். ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் என்றால் தேரோடும் வீதிகளில் வண்டி நிறுத்த முடியாது. சொந்தக்காரர்கள் கார் எல்லாம் நம் பார்க்கிங்கில்தான் நிற்கும். அன்றைக்குக் கேட் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

வாட்ச்மேனின் வேலை நேரம், வேலைப் பட்டியல், லீவு நாள். ராத்திரி காவலா, பகல் எடுபிடியா, இரண்டில் எது என்று தெளிவாக.

கடைசியாக, இரண்டு வரி: மேலே சொன்னதைச் செய்யாமல் விட்டால் அதைச் சரிசெய்வது சங்கத்தின் பொறுப்பு. வண்டிக்கு ஓன் டேமேஜ் இன்சூரன்ஸ் போடுவது வண்டிக்காரரின் பொறுப்பு.

"சங்கத்தின் மேல் பணப் பொறுப்பு வைக்காவிட்டால் யாரும் கவனமாக இருக்கமாட்டார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் எழுதிவைக்கச் சொல்கிறேன். எழுதாத கடமைக்கு யாரையும் பிடிக்க முடியாது. எழுதிய கடமையைச் செய்யாமல் விட்டால், வாட்ச்மேனையும் கேட்கலாம், செக்ரட்டரியையும் கேட்கலாம், தேவைப்பட்டால் கமிஷனில் போயும் கேட்கலாம். அந்தக் காகிதம் உங்களையும் கட்டும். 'கேமரா ரிப்பேருக்கு வீட்டுக்கு 500 ரூபாய்' என்று மெசேஜ் வந்தபோது பதில் போடாமல் நழுவினவர்கள், திருட்டு நடந்த அன்று மட்டும் குரல் உயர்த்த முடியாது.

அடுத்த மாத மீட்டிங் அஜெண்டாவில் தண்ணீர் டேங்க் கிளீனிங்குக்கும் லிஃப்ட் ஏஎம்சிக்கும் நடுவே இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். அரை மணி நேர வேலை. பேசி முடிக்கும்போது வாட்ச்மேனையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "அண்ணே, இதுல உங்களால எது முடியும், எது முடியாது?" என்று கேளுங்கள். அந்த கேட்டில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். எந்தப் பூட்டு லூஸு, எந்த விளக்கு எரியலை என்பது நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.